கல்லறை கண்டுபிடித்த கதையும் வவுச்சர் இல்லாத என்ட்ரியும்

போன மே மாதம் நடந்தது. சீசன் நேரம். பரீட்சை முடிந்து மதுரையிலிருந்து செண்பகனூருக்கு வந்திருந்தேன். அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். சீசனில் ஆள் பற்றாக்குறை என்றால் முன் சீட்டில் என்னையும் உட்கார வைத்து "கைடு" ஆக்கிவிடுவார். (சம்பளம் கிடையாது. மதியம் பிரியாணி உண்டு.)

அன்றைக்கு ஏறிய மூன்று பேரும் ஏரி, தூண்பாறை எதுவும் கேட்கவில்லை. கையில் பெரிய கேமரா, மைக். "அண்ணே, இங்க கால்டுவெல் சமாதி எங்க இருக்கு? யாருமே கண்டுக்காம கிடக்குதாமே, அதை வெளிக்கொண்டு வரணும்" என்றார் ஒருவர். அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "சார், கால்டுவெல் கொடைக்கானல்ல இறந்தார், சரிதான். ஆனா அடக்கம் பண்ணது இடையன்குடியில. திருநெல்வேலிப் பக்கம். அவர் கட்டின கோயிலுக்குள்ளயே."

நம்பவில்லை. "நெட்ல கொடைக்கானல்னுதான் போட்டிருக்கு தம்பி" என்றார். நெட்டில் போட்டிருப்பது இறந்த ஊர், புதைத்த ஊர் இல்லை என்று சொன்னதற்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும்: டிரைவர் பையனுக்கு என்ன தெரியும்.

கடைசியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் இறங்கினார்கள். பாசி பிடித்த கற்கள், சாய்ந்த சிலுவைகள், இடுப்பு உயரத்துக்குப் புதர். மேகம் வேறு இறங்கியிருந்தது, சினிமா செட் தோற்றது. இருந்ததிலேயே எழுத்து நன்றாகத் தேய்ந்துபோன ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் முன்னால் நின்று ஒருவர் குரல் தழுதழுக்க, "தமிழுக்காக வாழ்ந்த அந்த மாமனிதர் இங்கேதான் அனாதையாக..." என்று பேச, இன்னொருவர் படம் பிடித்தார். பத்து நிமிடம். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு நான் அந்தக் கல்லின் பாசியைக் கையால் தேய்த்துப் பார்த்தேன். அது ஒரு குழந்தையின் கல்லறை. வயது பதினொரு மாதம். 18 என்று தொடங்கும் ஒரு வருடம். பெயரில் பாதி எழுத்து படிக்க முடிந்தது.

அன்றிலிருந்து எனக்குள் இருக்கும் கோபம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கால்டுவெல் கணக்கை முடித்துவிடுவோம். ராபர்ட் கால்டுவெல், 1814-ல் பிறந்தவர். 1841-ல் இடையன்குடிக்கு வந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று காட்டிய அவருடைய ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. 1891-ல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் வந்தவர், அதே வருடம் ஆகஸ்ட் 28-ம் தேதி இங்கேயே இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1847-ல் அவர் தொடங்கிய ஆலயம் 1880-ல்தான் முடிந்தது, 33 வருட வேலை. அந்த ஆலயத்துக்குள்தான் அடக்கம். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011-ல் நினைவு இல்லமாகத் திறந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஞாயிறுதோறும் அந்த ஆலயத்துக்குப் போய் வருகிறார்கள்.

இதில் "மறக்கப்பட்ட" என்ன இருக்கிறது? தேடி வந்தவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தனக்குத் தெரியாததை எல்லாம் "உலகம் மறந்தது" என்று எழுதுவது ஒரு வியாதி. ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் ஒரு காவல்காரத் தாத்தா இருப்பார். அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்திருப்பார். யார் எந்த வரிசையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவரிடம் வழி கேட்டு, அவர் கைநீட்டிக் காட்டிய இடத்துக்குப் போய் நின்று, "நீண்ட தேடலுக்குப் பின் கண்டுபிடித்தோம்" என்று போடுகிறோம். தாத்தாவின் பெயர் எங்கேயும் வராது. கொலம்பஸ் அமெரிக்காவைக் "கண்டுபிடித்த" மாதிரிதான் இதுவும். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தார்கள்.

நான் பி.காம் படிப்பவன். எனக்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று வகுப்பில் கிண்டல் செய்வார்கள். ஆனால் ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே இரண்டு விஷயம்தான். ஒன்று, வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கிடையாது. எவ்வளவு பெரிய முதலாளி சொன்னாலும் சரி, ரசீது எங்கே என்று கேட்க வேண்டும். இரண்டு, புத்தகத்தில் நூறு மூட்டை என்று எழுதியிருந்தால் குடோனுக்குப் போய் நூறு மூட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் கல்லறைக்கு நேரில் போவது இந்த இரண்டாவது வேலை. அதாவது போவதே சரிபார்க்கத்தான். நாம் என்ன செய்கிறோம் என்றால், குடோனுக்குப் போகிறோம், மூட்டையை எண்ணாமல் மூட்டையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவனைத் திட்டுவதற்கு முன்னால் அதுதான் மரியாதை.

ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப்போட்டி. தலைப்பு, தமிழுக்குத் தொண்டு செய்த வெளிநாட்டவர். நான் ஜி.யு. போப் பற்றிப் பேசினேன். முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி, "தன் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னாரே, அந்த மாமேதை!" என்றேன். கைதட்டல் நிற்கவில்லை. முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதில்தான் பிளஸ் டூ வரை சாப்பாடு கொண்டுபோனேன்.

அந்தக் கல்லறையின் போட்டோவை நான் பார்த்தது காலேஜ் இரண்டாம் வருடத்தில்.

போப் கல்லறை ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். நிறையப் பேர் எடுத்துப் போட்டும் இருக்கிறார்கள். கல்லில் என்ன எழுதியிருக்கிறது? ஆங்கிலத்தில் அவர் பெயர். அடுத்து, தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் சாப்ளின் என்ற விவரம். பிறந்தது 1820 ஏப்ரல் 24, இறந்தது 1908 பிப்ரவரி 11. கடைசியாக ஒரு வாக்கியம்: கீழைத்தேச இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் ஆயுள் முழுக்க உழைத்தவர் மேல் வைத்த அன்பால், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து நட்ட கல் இது என்று. அவ்வளவுதான்.

"தமிழ் மாணவன்" இல்லை. எங்கேயும் இல்லை. நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் டிபன் பாக்ஸ் ஒரு வவுச்சர் இல்லாத என்ட்ரிக்குக் கிடைத்தது.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது சீனியர் ஒருவர் கேட்டார்: "அதனால யாருக்குடா நஷ்டம்? நல்ல கதைதானே. கேக்கறவனுக்குத் தமிழ்மேல பிரியம் வருது. நீ ஏன் ஆணி புடுங்கற?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். நஷ்டம் இருக்கிறது, அதுவும் மூன்று தலைப்பின் கீழ்.

ஒன்று. நிஜமான கல் பொய்யான கல்லைவிட நன்றாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். போப் பிறந்தது கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். இறந்தது இங்கிலாந்தில். ஆனால் அவர் தலைமாட்டில் இருக்கும் கல் அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்கிறது! இதைவிட என்ன வேண்டும்? அடுத்தது, அந்தக் கல்லுக்கு இங்கிருந்த தமிழர்களும் பங்கு கொடுத்திருக்கிறார்கள். கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டிய ஊர் அது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். குறளை 1886-லும் நாலடியாரை 1893-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் தந்தவருக்கு ஒரு கல் வைக்க நாமும் சேர வேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தோன்றியிருக்கிறது. நாம் பரப்பும் கதையில் அவர்கள் எங்கே? காணாமல் போனார்கள். ஒரு வெள்ளைக்காரரின் தன்னடக்கத்தைப் புகழும் அவசரத்தில் நம்முடைய சொந்தத் தாத்தாக்களின் நன்றியுணர்ச்சியைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டோம். இது நஷ்டம் இல்லையா?

இரண்டு. ஒரு என்ட்ரி பொய் என்று தெரிந்தால் ஆடிட்டர் லெட்ஜர் முழுவதையும் சந்தேகப்படுவார். போப் திருவாசகத்தை மொழிபெயர்த்தது நிஜம். ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தது நிஜம். ஆனால் கல்லறை வாசகம் பொய் என்று காட்டி, "இவங்க சொல்றது எல்லாமே இப்படித்தான்" என்று ஒருவன் சிரிக்கும்போது மேலே சொன்ன நிஜமும் சேர்ந்து அடிபடுகிறது. சாயம் பூசிய ஒரு ரூபாய் நோட்டை நல்ல கட்டுக்குள் வைத்தது யார்? நாம்தான்.

மூன்று. கதை தயாராக இருந்தால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் மேடைகளில் அந்த வரி சொல்லப்பட்டிருக்கும்! கல் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. சொன்னவர்களில் ஒருவராவது "இதை யார் பார்த்தது?" என்று கேட்டிருந்தால் போதும். நானும் கேட்கவில்லை.

தேடுவதே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. ஒழுங்காகத் தேடினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்ட் நல்ல உதாரணம். 1485-ல் போரில் செத்தார். லெஸ்டர் நகரத்தில் ஒரு மடத்தில் புதைத்தார்கள். பிற்காலத்தில் மடத்தை இடித்தபோது எலும்பை எல்லாம் ஆற்றில் வீசிவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. ஆற்றுப் பாலத்தின் பக்கத்தில் அதைச் சொல்லி ஒரு கல்வெட்டே வைத்திருந்தார்கள்! ஆனால் சிலர் கதையை விட்டுவிட்டுப் பழைய ஆவணங்களையும் வரைபடங்களையும் பிடித்தார்கள். மடம் நின்ற இடம் இப்போது கார் நிறுத்தும் இடம் என்று தெரிந்தது. 2012-ல் தோண்டினார்கள். எலும்புக்கூடு கிடைத்தது. உடனே "இவர்தான்" என்று குதிக்கவில்லை. முதுகெலும்பு வளைவு, வெட்டுக் காயங்கள், கார்பன் சோதனை, ராஜாவின் அக்கா வழியில் வந்த இன்றைய வாரிசுகளோடு டி.என்.ஏ. ஒப்பீடு எல்லாம் முடித்து 2013 பிப்ரவரியில்தான் அறிவித்தார்கள். 2015-ல் மரியாதையோடு மறுபடி அடக்கம். பாலத்துப் பக்கத்துக் கல் சொன்னது பொய்யாகிவிட்டது. கல்லில் செதுக்கியிருந்தால்கூட வவுச்சர் கேட்க வேண்டும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

நம் பக்கத்திலும் அப்படி வேலை செய்தவர்கள் உண்டு, அதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. வீரமாமுனிவர் மணப்பாட்டில் 1742-ல் இறந்தார் என்றுதான் பழைய வாழ்க்கை வரலாறு சொன்னது. சேசு சபையின் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தபோது வேறு கணக்கு வந்தது. இறந்தது 1747, இடம் கேரளத்தில் உள்ள அம்பழக்காடு. ஐந்து வருட வித்தியாசம், மாநிலமே வேறு. மேடைப் பேச்சால் இதைத் திருத்த முடியாது. யாரோ ஒருவர் குளிரில் உட்கார்ந்து, லத்தீனிலும் போர்ச்சுகீசிலும் இருக்கும் பழைய தாள்களைப் படிக்க வேண்டும். பழைய மதுரை மிஷன் பற்றிய ஆராய்ச்சிப் புத்தகங்களை எடுத்து அடிக்குறிப்பைப் பாருங்கள். செண்பகனூர் ஆவணக் காப்பகம் என்று வந்துகொண்டே இருக்கும். 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியால் வந்த பெயர் அது. சுற்றுலா வருபவர்களுக்கு செண்பகனூர் என்றால் பாடம் செய்த பறவைகளும் பாம்புகளும் இருக்கும் மியூசியம், ஆர்க்கிட் பூக்கள், அவ்வளவுதான். எனக்கும் பள்ளிக்கூடம் முடியும்வரை அவ்வளவுதான் தெரியும். என் ஊர்ப் பெயர் வெளிநாட்டுப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் இருப்பதை மதுரையில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தபோது வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லறை இருப்பவரைத்தான் தேட முடியும். கல்லறையே இல்லாதவர்?

ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தவர். காவி கட்டி, தமிழில் உரைநடை எழுதி, கடைசியில் பார்வை மங்கி மயிலாப்பூரில் 1656 ஜனவரியில் இறந்தார். இன்று போய் நின்று மாலை போட அவருக்கு ஒரு கல் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1942-ல் திருக்கழுக்குன்றத்தில் இறந்தார். எரித்த உடம்புக்கு ஏது கல்லறை? அவரைத் தேட வேண்டும் என்றால் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்துக்குப் போய்ச் சுவடிகளைப் பார்க்க வேண்டும். போனால் கேமராவுக்குப் பெரிய காட்சி ஒன்றும் கிடைக்காது. மேகம் இறங்காது. படிக்கத்தான் வேண்டும். ஒருவேளை அதனால்தான் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லையோ?

சரி, பெரிய மனிதர்களை விடுங்கள். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் துரைகளும் துரைசானிகளும் பாதிரிமார்களும் எப்படிக் கொடைக்கானல் ஏறினார்கள்? மலையடிவாரம் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து டோலி. டோலியைத் தூக்கியது யார் தோள்? அந்தப் பாதைக்குப் பெயரே கூலி காட் ரோடு. அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-ல் இங்கே முதல் இரண்டு பங்களா கட்டினார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, பங்களாவுக்குப் பெயர்கூட இருக்கிறது. அதற்குக் கல் சுமந்தவர்களுக்குப் பெயர் இல்லை. 1905-லேயே ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்தில் இருந்த ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டுவிட்டார். லண்டனில் தெற்காசியக் கல்லறைகளுக்காகவே ஒரு சங்கம் 1976-லிருந்து இருக்கிறது. அதாவது நாம் "மறக்கப்பட்டது" என்று அழுகிற வெள்ளைக்காரக் கல்லறைகளில் பெரும்பாலானவைக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறது! ரிஜிஸ்டர் இல்லாதது நம் ஊர்ச் சுடுகாட்டுக்கும், சேரிப் பக்கத்துக் கல்லறைக்கும், கபரஸ்தானுக்கும்தான். மறதி எங்கே இருக்கிறது என்று இப்போது சொல்லுங்கள்.

இந்த மலையிலேயே எல்லாவற்றுக்கும் மூத்த ஈமச்சின்னங்கள் உண்டு. தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கம் போனால் பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகை மூடிய கல்திட்டைகளைப் பார்க்கலாம். ஊரில் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்பார்கள். ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு சேசு சபைக் குருக்கள் பழனி மலைக் கல்திட்டைகளைப் பார்த்து, அளந்து, எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. அந்தப் பலகைகளில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் போப்புக்குச் செய்ததுபோல் ஒரு வசனம் எழுதி ஒட்டவும் வழியில்லை. அளக்கத்தான் முடியும். அவர்கள் அளந்தார்கள். நாம் பலகை மேல் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுக்கிறோம், அடியில் புதையல் இருக்கும் என்று தோண்டுகிறோம்.

கடைசியாக ஒருவர். பிரான்சிஸ் வைட் எல்லிஸ். கால்டுவெல்லுக்கு நாற்பது வருடம் முன்னாலேயே, 1816-ல், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியவர். குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிக்கொண்டிருந்தவர். 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில் திடீரென்று இறந்துபோனார். அவர் எழுதிக் குவித்த தாள்கள் என்ன ஆயின தெரியுமா? மதுரையில் கேட்பாரற்றுக் கிடந்து, சமையல்காரர் அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டார் என்று பின்னாளில் வால்டர் எலியட் எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் எல்லிஸைப் புதைத்த இடம் ராமநாதபுரம் இல்லை, அந்த அடுப்புதான். அவருக்கு எத்தனை பளிங்குக் கல் நட்டாலும் அந்தத் தாள்கள் திரும்பி வராது. கல்லறையைக் கோட்டைவிட்டால் ரிச்சர்டைப் போல 527 வருடம் கழித்தும் பிடித்துவிடலாம். எழுத்தைக் கோட்டைவிட்டால் முடிந்தது.

ஆகவே மக்களே, நான் சொல்வது ஒன்றுதான். கல்லறைக்குப் போங்கள், தாராளமாகப் போங்கள். போனால் முதலில் கல்லைப் படியுங்கள். என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், தேய்ந்த இடத்தைத் தேய்ந்தது என்றே எழுதுங்கள். வழிகாட்டியவரின் பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் போடுங்கள். கல்லில் இல்லாததைச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து, படுத்திருப்பவர் எழுதிய புத்தகத்தில் பத்துப் பக்கமாவது படியுங்கள். இவ்வளவும் செய்ய முடியாது என்றால் ஏரியில் படகு விட்டுவிட்டு, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. கீழே "கண்ணீர் வந்துவிட்டது" என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இடையன்குடி பற்றி நானும் எழுதினேன், பதில் இல்லை.

செமஸ்டர் லீவுக்கு மறுபடி ஊருக்குப் போனபோது, ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு அந்தக் குழந்தையின் கல்லுக்குப் போனேன். காவல்காரத் தாத்தா, "எழுத்து மேல அழுத்தித் தேய்க்காத தம்பி, கல்லு உதிரும்" என்றார். மெதுவாகத்தான் தேய்த்தேன். முதல் பெயர் முழுசாக வந்துவிட்டது. குடும்பப் பெயரில் இரண்டு எழுத்து வரவில்லை. நோட்டில் அந்த இரண்டு எழுத்துக்கும் இடம் விட்டு எழுதி வைத்திருக்கிறேன்.